திரைக் கோடும் ஏலக்காயின் பசுமையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகர் மாதிரிக் காயைப் பார்க்கும் முறையை அவ்வூர்ப் பக்கத்திலிருந்து வரும் நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். கடையினுள் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அவர் ஒரு கைப்பிடி காயை அள்ளிக்கொண்டு வாயிற்படிக்கு வருவார். வெள்ளைத் தாளொன்றின்மேற் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். இரண்டு தோட்டத்துக் காய்களை ஒப்பிட வேண்டுமாயின் இரண்டையும் ஒரே தாளில், ஒரே வெளிச்சத்தில் வைப்பார். மஞ்சள் விளக்கின் கீழ் ஒன்றையும் வாயிலில் மற்றொன்றையும் பார்த்து விலை சொல்லும் வணிகர் அவ்வூரில் நெடுநாள் வணிகம் செய்ய இயலாது. அவர் ஒளியியல் பயின்றவரல்லர். ஆயினும் காய் வேறு, காயைக் காட்டும் வெளிச்சம் வேறு என்பதை ஒருநாளும் மறவார்.

இவ்வளவு எளிய விழிப்பு நம் ஆய்வுக்கூடங்களில் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றது என்பதே இக்கட்டுரை வாயிலாக நாம் சொல்ல விழைவது. நிறமாலைமானி ஒரு பொருளின்மேல் ஒளியைச் செலுத்தி, ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்பதை எண்களாகக் குறித்துக்கொள்கின்றது. அவ்வெண்கள் ஒரு கோப்பில் அடங்கிக் கிடக்கின்றன. கணிப்பொறியின் மென்பொருள் அவற்றை ஒரு கோடாக வரைந்து திரையிற் காட்டுகின்றது. மாணவர் காண்பது கோடு. கோப்பைத் திறந்து எண்களைக் காண்பவர் நூற்றுக்கு இருவர் இருப்பரோ என்பது ஐயமே. அக்கோட்டின் உயரம், அகலம், நிறம், வழவழப்பு ஆகிய அனைத்தும் எவரோ எங்கோ அமைத்துவைத்த காட்சியமைப்பினால் ஆயவை. அவ்வமைப்பை மாற்றவும் கூடும், மாற்ற வேண்டிய இடமும் உண்டு என்பதையே அறியாது மூன்றாண்டுப் படிப்பை முடித்துச் செல்வோர் பலர்.

சென்ற ஆண்டு நம்மிடையே நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுவது பொருந்தும். குற்றத்திற் பெரும்பங்கு நம்முடையதாகலின் கூறுவதில் கூச்சமில்லை. போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் சிறு தோட்டம் உடைய குடும்பத்து மாணவர் ஒருவர் தம் செய்முறைத் திட்டத்திற்கு ஏலக்காயின் பசுமையையே எடுத்துக்கொண்டார். ஏலக்காய்க்குப் பசுமையே விலை என்பது அங்குள்ள சிறுவரும் அறிந்தது. பறித்த காயை ஸ்டோர் என்று மலையில் வழங்கும் உலர்த்தும் அறையில் இட்டு, 45 முதல் 50 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் மெல்ல உலர்த்துவர். சிலர் அதற்கு முன் 2 விழுக்காடு சலவைச் சோடா கரைத்த நீரில் பத்து நிமிடம் ஊறவைப்பதும் உண்டு. வெப்பத்தை மிகுத்தால் நேரமும் விறகும் மிச்சமாகும். ஆனால் பச்சை வெளுக்கும் என்பது முதியோர் கூற்று. அது மெய்தானா, எவ்வளவு வெளுக்கும் என்று அளந்து பார்க்க அவர் விரும்பினார். நல்ல வினா. நாம் மகிழ்ந்து இசைவளித்தோம்.

மெல்ல உலர்ந்த காயின் தோலையும் கடு வெப்பத்தில் உலர்ந்த காயின் தோலையும் தனித்தனியே அரைத்து, 80 விழுக்காடு அசிட்டோனில் பச்சையத்தைப் பிரித்தெடுத்து, வடிகட்டி, நிறமாலைமானியில் இட்டார். ஆர்னன் என்பார் 1949-ல் வெளியிட்ட முறை இதுவே; 663 நானோமீட்டரிலும் 645 நானோமீட்டரிலும் உறிஞ்சல் அளவைக் கண்டு பச்சையத்தின் அளவைக் கணிப்பது. மாணவர் 600 முதல் 700 நானோமீட்டர் வரையிலான பகுதியை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதிரிக்கும் இரண்டு படங்களை அச்செடுத்து, பக்கத்திற்குப் பக்கம் ஒட்டிக் கொணர்ந்தார். இரண்டிலும் ஓங்கி நின்ற உச்சி ஒரே உயரம். வெப்பத்தை மிகுப்பதால் பசுமைக்குக் கேடில்லை என்று முடிவெழுதியிருந்தார். நாமும் படங்களைப் பார்த்தோம், தலையசைத்தோம். வரும் பறிப்பிலேயே உலர்த்தும் முறையை மாற்றிவிடலாம் என்று தகப்பனாருக்குச் சொல்லப்போவதாக அவர் உவகையோடு கூறியபோதும் நமக்கு ஐயம் எழவில்லை.

பிழையைக் கண்டவர் மற்றொரு மாணவி. படத்தின் இடப்பக்கத்து அச்சில் பொடியெழுத்தில் இருந்த எண்களை அவரே படித்தார். ஒரு படத்தின் அச்சு ஏறத்தாழ ஒன்றில் முடிந்தது. மற்றதன் அச்சு அதிற் பாதியையும் எட்டவில்லை. மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் அதனதன் உச்சி திரையின் மேல்விளிம்பைத் தொடுமாறு தானே நீட்டியும் சுருக்கியும் காட்டியிருந்தது. இவ்வமைப்பிற்கு ஆட்டோ ஸ்கேல் என்று பெயர். குள்ளனையும் நெட்டையனையும் தனித்தனியே நிழற்படம் எடுத்து, இருவர் தலையும் சட்டத்தின் மேல்விளிம்பில் படுமாறு வெட்டி ஒட்டினால் இருவரும் ஒரே உயரமாகத்தானே தோன்றுவர்!

இரண்டு கோடுகளையும் ஒரே அச்சில் ஏற்றியபோது வேற்றுமை விளக்கமாயிற்று. அதன்பின் 400 முதல் 700 வரை முழுப் பகுதியையும் திறந்து பார்த்தோம். அங்கே இன்னொன்றும் வெளிப்பட்டது. பச்சையத்தின் நடுவில் மக்னீசிய அணு ஒன்று உண்டு. வெப்பமும் காயின் அமிலமும் சேர்ந்து அதனை வெளியேற்றினால் பச்சையம் பியோபைட்டின் என்னும் மங்கிய பழுப்புப் பச்சையாகின்றது. சிவப்புப் பகுதியில் அதன் உச்சி தாழ்ந்து, இடம் மட்டும் ஏறத்தாழ அங்கேயே நிற்கும். நீலப் பகுதியிலோ 430 அருகிலிருந்த உச்சி 410 நோக்கி நகரும். மாணவர் நீலப் பகுதியைத் திரையிலிருந்து விலக்கி வைத்திருந்தமையால் அந்நகர்வு கோப்பில் இருந்தும் கண்ணிற் படவில்லை. சலவைச் சோடாவில் ஊறவைக்கும் வழக்கத்திற்கும் காரணம் இங்கேயே இருக்கின்றது. காரத்தன்மை அமிலத்தை அடக்குவதால் மக்னீசியம் வெளியேறுவது தடைப்படும்.

ஆர்னன் முறைப்படி 663-ல் உள்ள அளவை 12.7 ஆற் பெருக்கி, 645-ல் உள்ள அளவை 2.69 ஆற் பெருக்கிக் கழித்திருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும். படம் கண்ணுக்கு நிறைவளித்தமையால் கணக்கு நாளைக்கு என்று தள்ளப்பட்டது. படம் அழகாக அமைந்துவிட்டால் எண்ணைத் தேடும் ஆவல் தணிந்துவிடுவது மாணவர்க்கு மட்டும் உரிய குறையன்று.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், “மாணவர் கையில் இவ்வமைப்புகளை விடுவதே தவறு, இயந்திரம் காட்டுவதை அப்படியே அச்செடுக்கச் சொல்லுங்கள், எவரும் விருப்பம்போல் நீட்டவோ சுருக்கவோ இயலாது” என்றார். நல்லெண்ணத்தாற் சொன்னதே. ஆயினும் நாம் இதற்கு உடன்படோம். மேற்சொன்ன பிழை எவரும் கைவைக்காது, இயந்திரம் காட்டியதை அப்படியே ஏற்றதனால் விளைந்தது. தொடக்க அமைப்பு என்பதும் ஒரு மனிதர் தேர்ந்த அமைப்பே. எங்கோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து மென்பொருள் எழுதியவர், யாவருக்கும் ஓரளவு பொருந்துமென்று எண்ணி வைத்தது. போடியின் காயை அவர் கண்டவரல்லர். மேலும், அமைப்பை மாற்றாமல் காணவே இயலாத உண்மைகளும் உள. அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை.

போடியில் நின்று வடகிழக்கே நோக்கினால் தெரியும் பழனிமலைத் தொடரின்மேல் கொடைக்கானல் இருக்கின்றது. அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் என்பவர் 1909 சனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்து, புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். இன்றும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்கப்படுகின்றது. அவர் கண்டது நிறமாலையின் கருங்கோடுகளில் ஒரு சிறு விலகல். எவ்வளவு சிறிது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாயு நொடிக்கு 2 கிலோமீட்டர் விரைவில் ஓடுவதாகக் கொண்டால், 630 நானோமீட்டரில் உள்ள கோடு ஏறத்தாழ 0.004 நானோமீட்டர் நகரும். இன்று 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள நிறமாலை முழுவதையும் 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் விரித்தால் ஒவ்வொரு பிக்சலும் 0.156 நானோமீட்டரைத் தாங்கி நிற்கும். எவர்ஷெட் கண்ட விலகல் ஒரு பிக்சலில் முப்பதில் ஒரு பங்கும் இராது! தொடக்க அமைப்பை மாற்றலாகாது என்று விதித்தால், கோப்பில் அவ்விலகல் செம்மையாகப் பதிவாகியிருப்பினும் திரையில் அதனை ஒருவரும் காணார். அக்கோட்டைச் சுற்றிலும் அரை நானோமீட்டர் அளவிற்குப் பெரிதாக்கினால்தான் கண்ணுக்குப் புலப்படும்.

அவ்வாய்வுக்கூடத்தில் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படத்தகடுகளும் இப்போது கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றப்பட்டுள்ளன. அத்தகைய கோப்பில் 16 பிட் அளவில் 65,536 ஒளிப்படிகள் அடங்கும். நம் மேசைமேல் உள்ள வழக்கமான திரையோ 256 படிகளையே காட்டும். ஆகவே எப்படிகளைக் காட்டுவது, எவற்றை ஒன்றாகச் சேர்ப்பது என்று எவரேனும் தேர்ந்தே ஆகவேண்டும். சூரிய வட்டத்தின் உட்புறம் தெளிவாகத் தெரியுமாறு அமைத்தால் விளிம்புக்கு வெளியே எழும் மங்கிய சுடர்கள் கருமையில் மறையும். சுடர்களுக்கு ஏற்ப அமைத்தால் வட்டம் முழுவதும் வெண்மையாகிவிடும். இரண்டும் மெய்ப்படங்களே. எதற்காக எது வரையப்பட்டது என்று படத்தின் கீழ் எழுதாவிடினும் நாம் ஏமாறுவோம்.

1928-ல் இராமனும் கிருஷ்ணனும் கல்கத்தாவில் கண்ட சிதறலொளியிலும் இவ்விடர் உண்டு. படுகின்ற ஒளியின் நிறமே மாறாது சிதறும் கோடு மிக வலியது. அவர்கள் கண்டறிந்த புதிய கோடுகளோ அதற்கு முன் மின்மினி போன்றவை. இரண்டையும் ஒரே திரையில் ஆட்டோ ஸ்கேல் இட்டால் வலிய கோடு மேல்விளிம்பைத் தொடும். மற்றவை அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடக்கும். அக்காலத்துப் படத்தகட்டை ஒருமுறை கழுவி எடுத்தபின் அதன் ஒளிமாறுபாட்டைத் திரும்ப மாற்ற இயலாது. குறைவுபட்டால் மறுபடி மணிக்கணக்கில் ஒளிபடவிட வேண்டும். நமக்கோ பதிவு அப்படியே இருக்கக் காட்சியை எத்தனை முறையும் மாற்றலாம். இது பெரும் பேறு. பேற்றைப் பெற்றவர் பயன்படுத்தத் தெரியாமல் இருப்பதைத்தான் நாம் நோகின்றோம்.

மீண்டும் ஏலக்காய்க்கு வருவோம். காயின் மணத்திற்கு உரியவை அதன் எண்ணெயில் மிகுதியாயுள்ள இரண்டு பொருள்கள். ஒன்று சினியோல், மற்றொன்று டெர்பினைல் அசிட்டேட். அகச்சிவப்பு நிறமாலையில் அசிட்டேட்டு 1735 என்னும் அலை எண்ணுக்கு அருகே ஆழ்ந்த பள்ளம் ஒன்றைக் காட்டும். பள்ளம் என்றோம், ஏனெனில் அகச்சிவப்புப் படங்களைக் கடந்து சென்ற ஒளியின் விழுக்காடாக வரைவதே பழைய வழக்கம். அலை எண்ணும் 4000-ல் தொடங்கி வலப்புறம் செல்லச் செல்லக் குறையும். முதன்முறை காணும் மாணவர் இடம் வலம் மாறி மயங்குவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். அது சிறு மயக்கம், ஒருநாளில் தெளியும். தெளியாதது வேறொன்று. ஒரு மாதிரியில் 10 விழுக்காடும் மற்றொன்றில் 1 விழுக்காடும் ஒளி கடந்து சென்றதாயின், விழுக்காட்டு அச்சில் இரண்டும் அடியைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். அதே எண்களை உறிஞ்சல் அளவாக மாற்றிக் காட்டினால் ஒன்று 1, மற்றது 2. அஃதாவது இரண்டாவதில் பொருள் இருமடங்கு. மறுபக்கம், 100 விழுக்காட்டிற்கும் 90 விழுக்காட்டிற்கும் உள்ள அதேயளவு இடைவெளி உறிஞ்சல் அளவில் 0.046 மட்டுமே. எண்ணெயின் அளவை ஒப்பிட விரும்புவோர் முதலில் செய்யவேண்டுவது அச்சை மாற்றுவது. மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு சொடுக்குப் போதும். அச்சொடுக்கு எங்கே உள்ளதென்று எந்தச் செய்முறைக் கையேட்டிலும் நாம் கண்டதில்லை.

இதனினும் இடர் மிக்கது மழுக்கும் வசதி. அளவீட்டில் கலந்துள்ள இரைச்சலைக் குறைக்கச் சவிட்ஸ்கி, கோலே என்னும் இருவர் 1964-ல் வகுத்த கணக்குமுறை பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அளவோடு பயன்படுத்தினால் நன்று. பலகணியை அகலமாக வைத்துவிட்டால் ஒடுங்கிய உச்சிகள் குட்டையாகும். அருகருகே உள்ள இரண்டு ஒன்றாகிவிடும். இதனைக் காட்சியமைப்பு என்று சொல்வதா, பதிவையே திருத்துவது என்று சொல்வதா? சில மென்பொருளில் இது திரைக்கு மட்டும் உரியது. சிலவற்றில் சேமித்த உடனே பழைய எண்கள் அழிந்து புதியவை கோப்பில் குடியேறிவிடும். பார்வையை மாற்றும் பொத்தானும் பதிவை மாற்றும் பொத்தானும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. கண்ணாடியைத் துடைக்கப் போனவர் ஓவியத்தையே துடைத்துவிட்ட கதையாக முடிவதுண்டு. ஆதலின் கருவி தந்த முதற் கோப்பை எவரும் தொடாத இடத்தில் தனியே வைத்துக்கொண்டு, அதன் படியில் மட்டுமே வேலைசெய்ய வேண்டும். எண்களை வெறும் எழுத்துக் கோப்பாகவோ, 1988 முதல் வழங்கிவரும் ஜேகேம்ப் வடிவிலோ சேமித்தால் வேறெந்த மென்பொருளிலும் பின்னொருநாள் திறக்கலாம்.

எக்ஸெல் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலோர் அதிலேயே படம் வரைகின்றனர், குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதில் கோட்டுப்படம் என்பது வேறு, சிதறற்படம் என்பது வேறு. முன்னதில் அலைநீளங்கள் எண்களாகக் கொள்ளப்படாமல், வெறும் பெயர்களைப்போல் சம இடைவெளியில் வரிசைப்படுத்தப்படும். 645-ல் ஓர் அளவும் 663-ல் ஓர் அளவும் 700-ல் ஓர் அளவும் எடுத்தவர்க்கு மூன்றும் சமதூரத்தில் நிற்கும். வழவழப்பான கோடு கேட்டாலோ அளக்காத இடங்களில் மேடும் பள்ளமும் அதுவே கற்பித்துத் தரும்.

நிறங்களைப் பற்றி நெடிது கூறோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாக் கண்ணுடைய ஆடவர் எல்லா வகுப்பிலும் ஓரிருவர் இருப்பர்; அவர்களிற் பலர் அதனை வெளிச்சொல்வதில்லை. வானவில் நிறவரிசை கண்ணைக் கவரும். ஆனால் மஞ்சள் வரும் இடத்தில் இல்லாத விளிம்பொன்றை இருப்பதாகக் காட்டும். மாட்பிளாட்லிப் என்னும் வரைபட மென்பொருள் 2017-ல் அவ்வரிசையைத் தன் தொடக்க அமைப்பிலிருந்து நீக்கியது. நம் சுவரொட்டிகளில் அது இன்னும் கோலோச்சுகின்றது.

இனி நாம் வேண்டுவது இது. செய்முறைப் பதிவேட்டில் கருவியின் பெயர், மாதிரியின் எடை, கரைப்பானின் அளவு ஆகியவற்றை எழுதச் சொல்கின்றோமன்றோ? அவற்றோடு காட்சியமைப்பும் எழுதப்படவேண்டும்: அச்சு எங்கிருந்து எதுவரை, உறிஞ்சல் அளவா விழுக்காடா, மழுக்கியதுண்டா, உண்டாயின் எத்தனை புள்ளிப் பலகணி என்பன. ஒப்பிடுவதற்கென்று வரைந்த படங்கள் ஓரச்சில் அமையாவிடின் ஆசிரியர் மதிப்பெண் தராது திருப்பியனுப்ப வேண்டும். முதலாண்டில் ஒரு செய்முறை வேளையை இதற்கென்றே ஒதுக்கி, ஒரே கோப்பை ஒவ்வொரு மாணவரும் வெவ்வேறு அமைப்பில் வரைந்து சுவரில் ஒட்டச் செய்யலாம்; ஒரே எண்கள் எத்தனை முகம் காட்டுகின்றன என்பது அரை மணியில் விளங்கிவிடும். இதற்குப் புதுக் கருவியும் வேண்டா, பணமும் வேண்டா. ஆசிரியர்க்கு வேலை மிகும் என்பர். மிகும், மறுக்கவில்லை. நாம் தலையசைத்த அந்த ஒரு கணத்தில் மிச்சப்படுத்திய வேலையின் விலையை மலைமேல் ஒரு குடும்பம் கொடுக்க இருந்தது.

அம்மாணவர் மூன்று வாரம் கழித்து மாதிரிகளைப் புதிதாக எடுத்து, இருவகைக் காயையும் மும்மூன்று முறை அளந்தார். ஆறு கோடுகளையும் ஒரே தாளில், 400 முதல் 700 வரை, ஓரச்சில் வரைந்து, எண்களை அட்டவணையாகக் கீழே எழுதினார். பொங்கல் விடுமுறையில் அத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போடி வண்டி ஏறினார். அவர் தகப்பனார் படத்தைப் பார்த்துவிட்டு, “இதற்கு மதுரைக்கா போகவேண்டும், என் தகப்பனார் சொன்னதுதானே” என்று சிரித்தாராம். பின்பு அட்டவணையை இரண்டாம் முறை படித்து, ஸ்டோரின் வெப்பமானியைப் பழுதுபார்க்கச் சொல்லி அன்றே ஆளனுப்பினாராம்.